பிளேடு வாங்கப் போனவர்கள்

தச்சுப் பட்டறையில் நடு இழைப்புளியின் அலகில், அந்த வெட்டும் பிளேடில், எஃகு தீர்ந்துபோனது அண்ணனுக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. கல்லில் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் தீட்டி, முன்கையில் நாலு மயிரை மழித்துப் பார்த்துத் திருப்தியாகித்தான் பலகையில் வைத்தார். நாலு தள்ளு நன்றாகப் போயிற்று. ஐந்தாவது தள்ளில் இழைப்புளி வழுக்கியது. சுருள் வரவில்லை, பொடி வந்தது. ஆப்பைத் தட்டி அலகைக் கழற்றி விளிம்பை நகத்தில் வைத்து இழுத்தார். மடிந்து கிடந்தது. பழைய அலகுகளில் நுனிப் பக்கம்தான் கெட்டி எஃகு இருக்கும்; மேலே எல்லாம் வெறும் இரும்பு. இத்தனை வருஷம் தீட்டித் தீட்டி எஃகு மொத்தமும் கல்லோடு போய்விட்டது. நீள இழைப்புளியின் அலகும் அதே கதிதான்.

நூலகத்துக்குப் பன்னிரண்டு மேசைகள் செய்ய வேண்டும். எல்லாம் ஆளுயரத்துக்கு மேல் நீளம். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மூன்று மேசைகள் முடிந்திருந்தன.

பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கயிறும் கட்டி ஒரு இழைப்பு மெஷின் நின்றது. அதை ஓட்டினால் ஒன்பது மேசைக்கான பலகையை மூன்று நாளில் இழைத்துவிடலாம். ஐந்து மாதமாக அந்தக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

அண்ணனுக்குத் தெருவில் மூலைமட்டம் என்று பெயர்; தச்சர்கள் கோணல் பார்க்கும் கருவியின் பெயர் அது. எதுவும் அவருக்குக் கோணக் கூடாது. செருப்பைக் கழற்றினால்கூட வாசற்படிக்கு நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். "மூலைமட்டம் தும்மினாலும் நேர்கோட்டுலதான் தும்முவாரு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். தம்பி அப்படியில்லை. வேலையில் கெட்டி, ஆனால் வாய் ஓயாது. மெஷின் ஓடும்போதும் பாடிக்கொண்டிருப்பான். சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் தைரியமாகவே பாடுவான். ஒரே வீட்டில், நடுவில் பட்டறை, இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். பட்டறைச் சுவர்கள் மெல்லியவை. அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் மெஷினின் வாயில் சுருள் அடைத்துக்கொண்டது. தம்பி சுவிட்சை அணைத்துவிட்டு, குனிந்து கையை உள்ளே விட்டு அடைப்பை நோண்டிக்கொண்டிருந்தான். நல்ல வெயில். வெளியே பலகை இறக்கிவிட்டு வியர்வையோடு உள்ளே வந்த அண்ணன், மின்விசிறியைப் போடக் கையை நீட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச். வண்டிக்காரனிடம் ஏதோ திரும்பிப் பேசிக்கொண்டே போட்டார். பார்க்கவில்லை.

தம்பியின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "நான்தான் சுவிட்சை அணைக்க மறந்துட்டு கைய விட்டுட்டேன்." அண்ணன் ரத்தம் தோய்ந்த சட்டையைச் சுருட்டி மார்போடு பிடித்தபடி நின்றார். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் மனைவி அழுதுகொண்டே ஓடி வந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார். நாளை ஒரு வாரமாயிற்று. ஒரு வாரத்துக்குப் பிறகு சொல்வதென்றால், ஒரு வாரமாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அது முன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு தம்பியின் மனைவி வேறு ஆளாகிவிட்டாள். கெட்டவள் அல்ல, பயந்துபோயிருந்தாள். அவன் அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போவாள். தண்ணீர் மோட்டார் போட்டால் ஓடி வருவாள். "அணைச்சீங்களா?" என்பாள். "அணைச்சிட்டேன்" என்பான். "நல்லாப் பாத்தீங்களா?" என்று தானே போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவாள். இரண்டு வயதுக் குழந்தையை அவனிடம் கொடுக்க மாட்டாள். ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தக் கேள்வியும் பதிலும் சுவரைத் தாண்டிப் பட்டறைக்குள் வந்தன. அந்த நேரங்களில் அண்ணன் இழைப்புளியைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளுவார்.

கடைசியில் அவளுடைய அண்ணன், தம்பிக்கு ஒரு கிடங்கில் கேட் திறந்து மூடும் வேலை பேசி வைத்தான். தங்க ஒரு அறையும் உண்டாம். "அங்க மெஷின் கிடையாது, உளி கிடையாது. நாற்காலியில உக்காந்திருந்தா போதும்" என்றாள். முதல் தேதி போவதாக முடிவாயிற்று. தம்பி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் இரண்டு இழைப்புளிகளையும் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீ எங்க?"

"பிளேடு வாங்கத்தான போற? நானும் வரேன்."

"எதுக்கு? மழை வர மாதிரி இருக்கு."

"நனைஞ்சா கரைஞ்சா போயிடுவேன்? நட."

இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவனே முன்னால் நடந்தான்.

இரும்புக்கடை நீளமான, இருட்டான கடை. ஆணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்க வழி. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய அலகுகளை மூன்று வரிசையாகப் பலகையில் பரப்பினார்.

"ரெண்டு அங்குலம்தான? இது சாதா. இது நடுத்தரம். இது கெட்டி."

அண்ணன் சாதாவை மேல் முனையில் பிடித்துச் சுண்டினார். தகர டப்பாவைத் தட்டியது போல் இருந்தது.

"இத பென்சில் சீவக் குடுங்க."

"பென்சில் சீவறவங்களும் என் கடைக்கு வராங்கய்யா" என்றார் கடைக்காரர். "கெட்டியப் பாருங்க. அரம் போட்டாலும் ஏறாது. தீட்டறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். ஆனா ஒரு தடவ தீட்டிட்டா ஒரு வாரம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

அண்ணன் கெட்டி அலகைக் கையில் எடுத்ததுமே அதுதான் என்று முடிவு பண்ணிவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. நல்ல கனம். நடு இழைப்புளியை எடுத்து அலகைச் செருகிப் பார்த்தார். வாய் வரை வந்து நின்றுவிட்டது. மர உடம்பின் வாய், அலகின் நுனி எட்டிப் பார்க்கும் சந்து, பழைய மெல்லிய அலகுக்கு வெட்டியது.

"வாயை அரத்தால கொஞ்சம் விரிச்சிக்கலாம்" என்றார்.

"விரிச்சிட்டா அப்புறம் ஒடுக்க முடியுமா?" என்றான் தம்பி. அதுவரை அவன் ஆணி மூட்டையில் சாய்ந்து பேசாமல் நின்றிருந்தான். "வாய் அகலமானா சுருளுக்கு முன்னாடி பலகை பேந்துக்கிட்டு வரும். மேசை மேல புத்தகம் வச்சிப் படிக்கறவன் கையில சிலாம்பு ஏறும்."

"நான் அளவாத்தான் விரிப்பேன்."

"பின்பக்கம் பாத்தியா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பாக்காம சொல்லாத." கடைக்காரரிடம் திரும்பி, "கெட்டியில இன்னொண்ணு குடுங்கண்ணே" என்றான்.

அலகை வாங்குகிறவர்கள் முனையைப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். முனையை நாம் தீட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தம்பி ஒரு அலகை வலது கையில் எடுத்தான். இன்னொன்றை எடுக்க இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே அலகைக் கவ்வி, இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினான். கடைக்காரர் சட்டென்று குனிந்து கல்லாப் பெட்டிக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார். அண்ணன் இழைப்புளியின் வாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் வருது. நடுவுல மட்டும் முட்டுது. வயிறு வச்சிருக்கு" என்றான் தம்பி. "இந்த வயித்தக் கல்லுல கரைக்கவே உனக்கு மூணு நாள் ஆவும்."

"கரைச்சிக்கிறேன்."

"அதான் தெரியுமே. எது கஷ்டமோ அதத்தான் நீ எடுப்ப."

 தம்பி நடுத்தர வரிசையிலிருந்து ஆறு அலகுகளை எடுத்து, ஜோடி மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்று நழுவி விழப்போனபோது தொடையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டான். நாலைத் தள்ளி வைத்தான். மிச்சம் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது நடுவில் ஒரு மயிரளவுகூட வெளிச்சம் இல்லை. ஒன்றை இழைப்புளியில் செருகினான். வாய்க்கு அடங்கி நின்றது.

"இது ரெண்டும். அப்படியே மெஷினுக்கு ஒரு ஜோடி குடுங்க. பத்து அங்குலம்."

"மெஷினுக்கு வேணாம்" என்றார் அண்ணன்.

"வேணும். பழசுல முனை உடைஞ்சி மூளி விழுந்திருக்கு."

எதனால் மூளி விழுந்தது என்று அவன் சொல்லவில்லை. அண்ணன் முகம் சாம்பலாயிற்று.

"வேணாங்கறேன்ல."

கடைக்காரர் நிமிர்ந்தார். "ரெண்டு பேரும் வெளியில நின்னு பேசி முடிவு பண்ணிட்டு வாங்கய்யா. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கடையின் தகரக் கூரைக்குக் கீழே, இரும்புக் கம்பிகள் அடுக்கியிருந்த இடத்தில் இருவரும் நின்றார்கள். தெருவில் சைக்கிள்காரர்கள் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்த மெஷினை இனிமே யாரும் தொட வேணாம்" என்றார் அண்ணன். "கையாலயே முடிச்சிடறேன். எத்தன நாள் ஆனாலும் சரி."

"நீ முடிப்ப. நான் என்ன பண்றது?"

"நீ எதுக்குடா கஷ்டப்படணும்? சும்மா உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"அஞ்சு மாசமா சும்மாதான் உக்காந்திருக்கேன்." தம்பியின் குரல் ஏறவில்லை. "கை இழைப்புளிக்கு ரெண்டு கை வேணும்ணே. இடது கையால முன்பக்கத்த அமுக்கிப் பிடிக்கணும். எனக்குப் பிடிக்க முடியல. நீ இல்லாதப்ப தெனமும் தள்ளிப் பாக்கறேன், கோணிக்கிட்டு ஓடுது. மெஷின்னா பலகைய உள்ளங்கையால தள்ளினா போதும். எனக்குன்னு மிச்சம் இருக்கற வேலை அது ஒண்ணுதான். அத நீ தார்ப்பாய் போட்டு மூடிட்ட."

அண்ணன் தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்காக மூடின? எனக்காகவா?"

"உன் கையப் பாக்கறப்பல்லாம் எனக்கு…"

"எப்ப பாத்த?"

அண்ணன் திரும்பினார்.

"அஞ்சு மாசத்துல ஒரு தடவ பாத்திருக்கியா? இப்ப உள்ள கூட நீ பாக்கல. கடைக்காரராச்சும் பாத்துட்டுக் குனிஞ்சாரு." தம்பி இடது கையை அவருக்கு முன்னால் நீட்டினான். "பாரு."

அண்ணன் பார்த்தார். தோல் இழுத்துத் தைத்த இடம் பளபளவென்று, புதுத் தோல் நிறத்தில் இருந்தது. மழைக்காற்றுக்குக் கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. மிச்ச விரல்களின் நகத்தை யாரோ ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தார்கள். தம்பியின் மனைவியாகத்தான் இருக்கும். அவர் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு கோணிற்று. 

"வலிக்குதாடா?"

"குளிர்ல கொஞ்சம். போன விரல்தான் வலிக்குது. அதான் வேடிக்கை."

கையை விடாமலே அண்ணன் கேட்டார்: "அன்னைக்கு ஏண்டா அப்படிச் சொன்ன?"

"உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு. எனக்கு விரல்தான் போச்சு. உன்னப் பாத்தா உசுரே போயிடும் போல இருந்துச்சு. வாய்ல வந்தத சொல்லிட்டேன். நீயே ரெண்டு நாள்ல சொல்லிடுவன்னு நெனச்சேன்."

திரும்ப உள்ளே போனபோது அண்ணனே கேட்டார்: "மெஷினுக்கு ஒரு ஜோடி. பின்பக்கம் பாத்துக் குடுங்க."

வீட்டுக்கு வரும்போது இருவரும் நன்றாக நனைந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அண்ணன் வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் தட்டு வைத்திருந்தது. அண்ணி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் தலையைத் துவட்டாமல் அப்படியே வந்து நின்றார். தரையில் சொட்டியது.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் தம்பியின் மனைவியிடம்.

"சொல்லுங்க மாமா."

"அண்ணே, வேணாம்" என்றான் தம்பி.

"அன்னைக்கு அவன் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் கைய விட்டான். போட்டது நான். ஃபேன் சுவிட்சுன்னு நெனச்சிப் போட்டேன். பாக்காமப் போட்டேன்."

அண்ணியின் கரண்டி சோற்றுப் பானை விளிம்பில் நின்றது. தம்பியின் மனைவி தம்ளர் நிரம்பி வழியும்வரை ஊற்றினாள். பிறகு செம்பைக் கீழே வைத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"நெசமா?"

அவன் தலையாட்டினான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"அவர் மூஞ்சிய நீ பாத்திருந்தா…"

"என் மூஞ்சிய யாரு பாத்தீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. "அணைச்சீங்களா அணைச்சீங்களான்னு நாய் மாதிரி பின்னாடியே வந்தேனே. குழந்தையக் குடுக்காம வச்சிருந்தேனே. ஒவ்வொரு தடவையும் அணைச்சிட்டேன் அணைச்சிட்டேன்னு சொன்னீங்க. அன்னைக்கும் அணைச்சேன்டின்னு ஒரு வார்த்தை வரலையா? என்னை இப்படி ஒரு பொம்பளையா ஆக்கிட்டீங்களே, ரெண்டு பேரும் சேந்து."

 அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு பட்டறை வழியே தன் பக்கம் போனாள். கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

"இத்தன நாள் என் பக்கத்துலதான படுத்திருந்தீங்க" என்றாள் அண்ணி, தன் புருஷனிடம்.  அன்று அந்தச் சோறு அப்படியே ஆறிப்போயிற்று.

பதினோரு நாள் தம்பியின் மனைவி அண்ணனோடு பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போனாள். அணைச்சீங்களா என்ற குரலும் நின்றுபோயிற்று. அந்த அமைதி அண்ணனுக்கு நிம்மதியாக இல்லை. தனக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. புது அலகைத் தீட்டி மாட்டி நாலாவது மேசையையும் ஐந்தாவதையும் முடித்தார். அலகு சொன்ன பேச்சு கேட்டது. சுருள் நாடா போல நீளமாக வந்து காலடியில் குவிந்தது. மெஷின் அலகுகள் எண்ணெய்க் காகிதத்தோடு மேடையில் கிடந்தன. தம்பி அவற்றைத் தொடவில்லை. அவரும் தொடவில்லை.

முதல் தேதி, கிடங்கு வேலை பேசி வைத்த, தம்பி மனைவியின் அண்ணன் வண்டியோடு வந்தான். அவள் அவனுக்கு டீ கொடுத்தாள். வெகுநேரம் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள். வண்டி காலியாகவே திரும்பிப் போயிற்று. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அண்ணனும் தம்பியும் ஆறாவது மேசைக்குப் பலகை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பட்டறைக்குள் வந்தாள். நேரே மூலைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தாள். ஐந்து மாதத் தூசி எழுந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்:

"இதுல பிளேடு யாரு மாத்தறது?"

"நான் மாத்தறேன்" என்றான் தம்பி.

"நீங்க வேணாம்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே இதுக்குள்ள ஒரு கை போகணும்னா அது அவர் கையா இருக்கட்டும்."

அண்ணன் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அவள் சுவிட்சுப் பலகைக்குப் போய், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, இரண்டு சுவிட்சுகளையும் முதுகால் மறைத்தபடி நின்றாள்.

அண்ணன் மெஷினுக்கு முன்னால் முட்டி போட்டார். வாயில் அன்றைய சுருள்கள் அப்படியே அடைத்துக் கிடந்தன. சில கறுத்து ஒட்டிப்போயிருந்தன. குச்சியை எடுத்துக் கொடுத்தான் தம்பி. அவர் வாங்கவில்லை. வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டார். கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அவர் திரும்பித் தம்பியின் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். மூடிய முஷ்டியைத் திறந்து, ஃபியூஸ் அங்கேதான் இருக்கிறது என்று காட்டினாள்.

ஒவ்வொரு சுருளாக விரலாலேயே எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். திருகுகளைத் தளர்த்திப் பழைய அலகுகளை உருவினார். ஒன்றில், நடுவில், அரிசி அளவுக்கு மூளி விழுந்திருந்தது. அதையும் காகிதத்திலேயே வைத்து மடித்தார். புது அலகுகளை உட்கார வைத்தார். இரண்டும் ஒரே உயரமா என்று நேர்க்கட்டையை மேலே வைத்து அலகு மாட்டிய உருளையைக் கையால் திருப்பிப் பார்த்தார்.

"வலது ஓரம் ஒரு மயிரு தூக்கலா இருக்கு" என்றான் பின்னால் நின்ற தம்பி.

இறக்கினார். மறுபடி பார்த்தார். திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். அந்த வேலை முக்கால் மணி நேரம் எடுத்தது. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சும்மா."

அவள் ஃபியூஸை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார்.

"நீங்களே போடுங்க மாமா. போட்டுத்தான ஆகணும்."

அவள் விலகி நின்றாள். அவர் ஃபியூஸை மாட்டினார். சுவிட்சில் விரலை வைத்தவர் அழுத்த முடியாமல் நின்றார்.  மெஷினின் அந்தப் பக்கம் பலகையோடு நின்ற தம்பி, பலகையை மேடையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரித்துக் காட்டினான்.

"அண்ணே, இங்க பாரு. எட்டும் வெளியிலதான் இருக்கு. போடு."

அவன் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அண்ணன் அந்த இரண்டு கைகளையும் நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக எண்ணினார். எட்டு வந்த பிறகு சுவிட்சைப் போட்டார்.